வீட்டு ஹைபாலும் ஜப்பானின் மதுவரியும்

ஜப்பானில் 2026 அக்டோபர் 1 ஆம் தேதி மதுவரிச் சீர்திருத்தத்தின் இறுதிக் கட்டம் நடைமுறைக்கு வருகிறது. 2017 இல் சட்டமாகி, 2020, 2023 ஆகிய ஆண்டுகளின் அக்டோபர் மாதங்களில் இரு தவணைகளாக நிறைவேறிய மாற்றத்தின் மூன்றாம் தவணை இது. இதன்படி, 350 மி.லி. பியருக்கு இதுவரை இருந்த 63.35 யென் வரி 54.25 யென்னாகக் குறைகிறது. பியர் போலவே இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் பியர் அல்லாத மலிவுப் பானங்களின் வரி 46.99 யென்னிலிருந்து அதே 54.25 யென்னுக்கு உயர்கிறது. இதனாலேயே இதைப் 'பியர் வரி ஒருங்கிணைப்பு' என்று ஊடகங்கள் குறிப்பிடுகின்றன. ஆனால், இந்தச் சீர்திருத்தம் எதைச் சரிசெய்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்று அறிய பியரைவிட வேறொரு பானம் நமக்கு நன்றாக உதவும். வோட்காவும் காபி லிக்யூரும் சோடாவும் கலந்து வீட்டிலேயே தயாரிக்கப்படும் ஹைபால்தான் அது.

காபி லிக்யூர் என்பது காபியின் சாரமும் சர்க்கரையும் சேர்த்த இனிப்பு மது. அதனுடன் வோட்காவைக் கலந்தால் கிடைப்பது 'பிளாக் ரஷ்யன்'. பெயரில் ரஷ்யா இருந்தாலும், 1949 இல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் ஒரு ஹோட்டலில் பிறந்தது அது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதிகம் விற்கும் காபி லிக்யூரான 'கலூவா'வின் தாயகம் மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலம். இந்த அடர்த்தியான கலவையை உயரமான கோப்பையில் பனிக்கட்டியின் மேல் ஊற்றி, குளிர்ந்த சோடாவால் நீட்டினால் அது ஹைபால். காபியின் கசப்பு மிஞ்சும், இனிப்பு மட்டுப்படும், கோடைக்கு ஏற்றதாகும். செய்முறையில் நுட்பம் அதிகம் இல்லை. கோப்பை நிறையப் பனிக்கட்டி, 40 மி.லி. வோட்கா, 20 மி.லி. காபி லிக்யூர் ஆகியவற்றை முதலில் நன்கு கலக்கிக் குளிர வைக்க வேண்டும். பிறகு 140 மி.லி. சோடாவைப் பனிக்கட்டியின் மேல் அடிக்காமல் ஓரமாக ஊற்றி, கரண்டியால் ஒரே ஒரு முறை கிளற வேண்டும். பல முறை கிளறினால் வாயு வெளியேறிவிடும்.

ஹைபால் என்ற சொல்லே ஜப்பானில் இன்று வீட்டுப் புழக்கச் சொல். 1983 இல் உச்சத்தைத் தொட்ட விஸ்கி விற்பனை அடுத்த கால் நூற்றாண்டு முழுவதும் சரிந்துகொண்டே போனது. 2008 வாக்கில் சன்டோரி நிறுவனம் விஸ்கியைச் சோடாவுடன் கலந்து பியர்க் குவளையில் குடிக்கும் பழக்கத்தை விளம்பரங்களால் மீட்டெடுத்தது. அங்கிருந்து அது மதுக்கூடத்தைத் தாண்டி வீட்டுக்கும், டின்னில் அடைத்த ஆயத்தப் பானமாகக் கடைக்கும் பரவியது. 2021 ஏப்ரலில், பெருந்தொற்றுக் கால நெருக்கடி நிலையின்போது, டோக்கியோவின் உணவகங்கள் மது பரிமாறக் கூடாது என்று அரசு கேட்டுக்கொண்டது. 'இயேநொமி', அதாவது வீட்டில் அமர்ந்து குடிப்பது, அந்த மாதங்களில் பலருக்கும் வேறு வழியில்லாத ஒன்றாயிற்று.

இனி, மேலே சொன்ன கோப்பையின் வரியைக் கணக்கிடுவோம். ஜப்பானியச் சட்டப்படி 40 சதவீத வோட்காவுக்கு ஆயிரம் லிட்டருக்கு 4,00,000 யென் வரி. 20 சதவீத லிக்யூருக்கு 2,00,000 யென். ஆகவே 40 மி.லி. வோட்காவில் 16 யென், 20 மி.லி. லிக்யூரில் 4 யென், மொத்தம் 20 யென். இந்தக் கோப்பையில் உள்ள தூய ஆல்கஹாலின் அளவும் 20 மி.லி.தான், எடையில் சுமார் 16 கிராம். ஒரு மி.லி. ஆல்கஹாலுக்கு ஒரு யென். வலுவான மதுவகைகளில் வரி ஆல்கஹாலின் அளவோடு நேராக ஏறுகிறது என்பதே இதன் பொருள். கோப்பையில் வோட்காவைக் குறைத்தால் வரியும் குறையும். சோடாவைக் கூட்டினால் வரி கூடாது. பொதுநிதியியல் பாடநூல் எதைப் பரிந்துரைக்குமோ, ஏறக்குறைய அதுவே இங்கு நடக்கிறது.

இதே பானத்தை டின்னில் வாங்குங்கள். கணக்கு தலைகீழாகிறது. பத்து சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் கொண்ட சுஹாய், ஹைபால் போன்ற ஆயத்தப் பானங்களுக்கு, அவை எவ்வளவு வலுவானவை என்பதைப் பாராமல், ஆயிரம் லிட்டருக்கு 80,000 யென் என ஒரே வரி இருந்துவருகிறது. 350 மி.லி. டின்னுக்கு 28 யென். அதில் 3 சதவீத ஆல்கஹால் இருந்தாலும் 28 யென். 9 சதவீதம் இருந்தாலும் அதே 28 யென். முதல் டின்னில் ஒரு மி.லி. ஆல்கஹால் சுமக்கும் வரி 2.67 யென், இரண்டாவதில் 0.89 யென். மென்மையான பானத்தைத் தேர்ந்தெடுப்பவர், குடிக்கும் ஆல்கஹாலின் கணக்கில், மூன்று மடங்கு வரி கட்டுகிறார். 5 சதவீதப் பியருக்கோ இது 3.62 யென். வோட்கா புட்டியைத் திறந்து வீட்டில் கலப்பவர் கட்டுவது 1 யென். ஆக, 9 சதவீத டின் ஹைபால் வோட்காவைவிடவும் குறைந்த வரியைச் சுமந்துகொண்டு கடையின் குளிர்பெட்டியில் நிற்கிறது.

இது யாரோ திட்டமிட்டுச் செய்த சதி அன்று. பியர் ஒரு காலத்தில் ஜப்பானில் வசதி படைத்தவர்களின் பானம். அதன்மீது கனமான வரி அப்போது நியாயமாகத் தோன்றியது. பியர் எளியவர்களின் மேசைக்கு வந்த பின்னும் வரி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. பிறகு நடந்தது பொருளாதார மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய கதை. அன்றைய சட்டம் 67 சதவீதத்துக்கு மேல் மால்ட் உள்ளதையே பியர் என்றது. 1994 இல் சன்டோரி நிறுவனம் அதற்குச் சற்றுக் குறைவான மால்ட்டுடன் ஒரு பானத்தை இறக்கியது. சுவையில் பியர், சட்டத்தில் 'ஹப்போஷு', வரியில் மலிவு. 1996 இல் அரசு 50 சதவீதத்துக்கு மேற்பட்ட மால்ட் உள்ள ஹப்போஷுவின் வரியைப் பியர் அளவுக்கு உயர்த்தியது. நிறுவனங்கள் மால்ட்டை 25 சதவீதத்துக்கும் கீழே இறக்கின. 2003 இல் அதற்கும் வரி ஏறியது. உடனே மால்ட்டே இல்லாமல், பட்டாணிப் புரதத்தைக் கொண்டு சப்போரோ நிறுவனம் 'மூன்றாம் வகை பியர்' ஒன்றைத் தயாரித்தது.

சன்னல்களை எண்ணி வரி விதித்த இங்கிலாந்தில் மக்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டதை வகுப்புகளில் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. ஜப்பானின் பட்டாணிப் பியர் அதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு. உலகின் மிகத் தேர்ந்த மதுவடிப்பாளர்களில் சிலர், நல்ல பியரை உருவாக்குவதற்குச் செலவிட்டிருக்க வேண்டிய ஆராய்ச்சித் திறனைப் பத்தாண்டுகளுக்கு மேல், பியர் போல இருந்தும் பியர் ஆகாத ஒன்றைக் கண்டுபிடிப்பதில் செலவிட்டார்கள். 2026 அக்டோபர் இந்த வீண் ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. அந்த அளவில் இது வரவேற்கத்தக்க சீர்திருத்தம்தான்.

டின் ஹைபால் விஷயத்தில் அதே துணிவு காட்டப்படவில்லை. அங்கும் வரி, தொழில்துறையின் கையைப் பிடித்து ஒரு திசையில் இழுத்துச் சென்றிருக்கிறது. டின்னுக்கு வரி ஒன்றே என்றால், அதில் எவ்வளவு வலு ஏற்றலாம் என்பதே போட்டியாக மாறும். 'ஸ்ட்ராங்' என்ற அடைமொழியோடு 9 சதவீத சுஹாய்கள் கடைகளை நிறைத்தது இப்படித்தான். வோட்காவையோ அதுபோன்ற சுவையற்ற வடிமதுவையோ அடிப்படையாகக் கொண்டு, பழச்சுவையும் வாயுவும் சேர்த்தவை இவை. ஆல்கஹாலின் காரம் நாவில் தெரியாது. 500 மி.லி. கொண்ட ஒரு 9 சதவீத டின்னில் 45 மி.லி. ஆல்கஹால், ஏறத்தாழ 36 கிராம் இருக்கிறது. வீட்டில் கலந்த நம் ஹைபாலைப் போல இரண்டே கால் மடங்கு. அதன்மீதான வரி 40 யென்.

ஜப்பானின் சுகாதார அமைச்சகம் 2024 பிப்ரவரியில் குடிப்பழக்கம் குறித்த தன் முதல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. நாளொன்றுக்கு ஆண்கள் 40 கிராம், பெண்கள் 20 கிராம் அல்லது அதற்கு மேல் தூய ஆல்கஹால் அருந்தினால் வாழ்க்கைமுறை நோய்களின் ஆபத்து கூடும் என்கிறது அது. மதுவை லிட்டரில் எண்ணாதீர்கள், ஆல்கஹாலைக் கிராமில் எண்ணுங்கள் என்பதே அந்த ஆவணத்தின் சாரம். அப்படி எண்ணினால், ஒரே ஒரு 'ஸ்ட்ராங்' டின் பெண்களுக்கான அளவைத் தாண்டி, ஆண்களுக்கான அளவை நெருங்கிவிடுகிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அசாஹி நிறுவனம், 8 சதவீதமோ அதற்கு மேலோ கொண்ட புதிய சுஹாய்களை இனி வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தது. சப்போரோவும் அவ்வழியே சென்றது. ஒரு அமைச்சகம் கிராமில் எண்ணச் சொல்கிறது. இன்னொரு அமைச்சகம் லிட்டரில் வரி வசூலிக்கிறது. இடையில் தனியார் நிறுவனங்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நற்பெயரைக் கருதி இன்று ஒதுங்கும் நிறுவனம், விற்பனை மந்தமாகும் நாளில் திரும்பி வராது என்பதற்கு வரிச் சட்டத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை.

வீட்டில் கலக்கும் கோப்பையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது இதைவிட வியப்பானது. ஜப்பானின் மதுவரிச் சட்டத்தில், மதுவோடு வேறு பொருளைக் கலந்து அதுவும் மதுவாகவே இருந்தால், அது புதிய மது 'உற்பத்தி' என்பது பொது விதி. உற்பத்திக்கு உரிமம் வேண்டும். எழுத்துப்படி பார்த்தால், ஒவ்வொரு ஹைபாலும் ஒரு தொழிற்சாலை. குடிப்பதற்குச் சற்றுமுன் கலப்பதற்குச் சட்டம் தனி விலக்கு அளித்திருப்பதாலேயே மதுக்கூடங்களும் வீடுகளும் தப்பின.

இன்னொரு விலக்கு 1962 இல் வந்தது. உமே என்னும் புளிப்புக் கனியைக் கற்கண்டோடு மதுவில் ஊறவைப்பது ஜப்பானிய வீடுகளின் பழைய வழக்கம். அதைச் சட்டத்தால் தடுக்க இயலாது என்று உணர்ந்த அரசு, சொந்த உபயோகத்துக்காக ஊறவைப்பதை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. அடிப்படை மது வரி செலுத்தப்பட்டதாகவும், 20 சதவீதத்துக்குக் குறையாத வலு உள்ளதாகவும் இருக்க வேண்டும். திராட்சையையும், நெல், பார்லி முதலிய தானியங்களையும் சேர்க்கக் கூடாது. விற்கவும் கூடாது. மறுபடி நொதித்து ஆல்கஹால் பெருகிவிடக் கூடாது என்பதே 20 சதவீத வரம்பின் காரணம். அந்த வலுவில் ஈஸ்ட் வேலை செய்வதில்லை. காபிக்கொட்டை தடைப் பட்டியலில் இல்லை. எனவே வறுத்த கொட்டையையும் கற்கண்டையும் 35 சதவீத வெண்மதுவிலோ வோட்காவிலோ போட்டுச் சில வாரங்கள் வைத்து, காபி லிக்யூரை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள ஜப்பானியக் குடும்பத்துக்குச் சட்ட உரிமை உண்டு. பலர் செய்கிறார்கள். ஆனால் இந்த விலக்கு, மதுவோடு மது அல்லாத பொருளைச் சேர்ப்பதற்கு மட்டுமே உரியது. வோட்காவையும் கடையில் வாங்கிய லிக்யூரையும் விருந்துக்காக முன்கூட்டியே ஒரே புட்டியில் கலந்து வைத்தால் அது விலக்கின் நிழலுக்கு வெளியே போய்விடுகிறது. கோப்பையில் கலந்தால் சுதந்திரம், புட்டியில் கலந்தால் உற்பத்தி!

இதெல்லாம் ஏட்டில் உறங்கும் விதிகள் என்று எண்ண வேண்டாம். 2007 இல் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் புகழ்பெற்ற சமையல் நிகழ்ச்சியில், உமே கனியை மிரின் என்னும் இனிப்புச் சமையல் மதுவில் ஊறவைக்கும் முறை காட்டப்பட்டது. மிரினின் வலு 20 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் செய்முறையை வீட்டில் பின்பற்றுவது சட்ட மீறலாகும் என்பது தெரியவந்ததும் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு அறிவிக்க நேர்ந்தது.

சமையலறைக்குள் வரித்துறை இத்தனை ஆழமாக நுழைந்ததற்குப் போரே காரணம். 1894–95 சீனப் போருக்குப் பிறகு படை விரிவாக்கத்துக்குப் பணம் தேடிய மெய்ஜி அரசு, மதுவரியை அடுத்தடுத்து உயர்த்தியது. வீட்டில் வடிக்கும் அரிசி மது வருவாயில் ஓட்டை போடும் என்பதால், 1899 இல் அதை முற்றாகத் தடைசெய்தது. அதே காலத்தில் மதுவரி நிலவரியையும் விஞ்சி, தேசிய வரிகளில் முதலிடத்தைப் பிடித்தது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. 1980களில் மயேதா தொஷிஹிக்கோ என்ற சமூகச் செயற்பாட்டாளர், தான் குடிப்பதற்காகத் தன் வீட்டில் வடிப்பது அரசியலமைப்பு தரும் உரிமை என்று வாதிட்டு, வெளிப்படையாகவே வடித்து வழக்கை எதிர்கொண்டார். வருவாயைக் காப்பதற்கான தடை நியாயமானதே என்று உச்ச நீதிமன்றம் 1989 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

எந்த வருவாய்? ஒரு காலத்தில் தேசத்தின் முதன்மை வரியாக இருந்த மதுவரி, 1980 இல் மொத்த வரி வருவாயில் 5 சதவீதமாகவும், 2020 இல் 1.7 சதவீதமாகவும் சுருங்கிவிட்டது. வயது வந்த ஒருவரின் சராசரி மது நுகர்வும் 1995 இல் ஆண்டுக்கு 100 லிட்டராக இருந்தது 2020 இல் 75 லிட்டராகக் குறைந்தது. மக்கள்தொகை முதுமையடைகிறது, இளைஞர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள். எந்தச் சுகாதார அமைச்சரும் மகிழ வேண்டிய செய்தி இது. ஆனால் 2022 இல் தேசிய வரி முகமை 'சாக்கே விவா' என்ற பெயரில், 20 முதல் 39 வயது வரையிலான இளையோரிடம் மது நுகர்வைத் தூண்ட யோசனைகள் கேட்டுப் போட்டி நடத்தியது. உலகம் முழுதும் அதைக் கண்டு சிரித்தது. சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுத் தொழிலை வளர்க்கும் பொறுப்பையும் மதுவரியை வசூலிக்கும் பொறுப்பையும் ஒரே முகமையிடம் ஒப்படைத்தால், அது வேறெப்படி நடந்துகொள்ளும்?

2026 அக்டோபருக்குத் திரும்புவோம். டின் ஹைபாலின் வரியும் 350 மி.லி.க்கு 28 யென்னிலிருந்து 35 யென்னாக உயர்கிறது. இதனால் 9 சதவீத டின் வோட்காவைவிடக் குறைந்த வரி செலுத்தும் விந்தை மறைகிறது, ஒரு மி.லி. ஆல்கஹாலுக்கு அதன் வரி 1.11 யென்னாகிறது. ஆனால் 3 சதவீத டின்னின் வரியோ 3.33 யென்னாகிறது. மென்மைக்கும் வலுவுக்கும் இடையிலான மூன்று மடங்கு வேறுபாடு அப்படியே நிற்கிறது. யென்னில் பார்த்தால் இடைவெளி இன்னும் அகலமாகியிருக்கிறது. பியர் வகைகளுக்கு இடையே சமன்பாட்டைக் கொண்டுவர இத்தனை ஆண்டுகள் உழைத்த நிதி அமைச்சகம், ஒரே வகைக்குள் வலு குறைந்ததைத் தண்டிக்கும் இந்த அமைப்பைக் கேள்வி கேட்கவில்லை.

மாற்று வழி கற்பனையில் மட்டும் உள்ளதன்று. பிரிட்டன் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா மதுவகைகளுக்கும் ஆல்கஹால் வலுவின் அடிப்படையிலேயே வரி விதிக்கிறது. ஸ்காட்லாந்து வேறொரு பாதையில், 2018 மே மாதம் முதல் 8 கிராம் ஆல்கஹாலுக்குக் குறைந்தபட்சம் 50 பென்ஸ் என்று விலைக்கே தரைமட்டம் வகுத்தது. 2024 செப்டம்பரில் அதை 65 பென்ஸாக உயர்த்தியது. முழுமையாக மதுவாலேயே நேரும் இறப்புகள் அதனால் 13.4 சதவீதம் குறைந்தன என்று 2023 இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எதிர்வாதங்களுக்கு வலு உண்டு. வலுவின் அடிப்படையில் வரி என்றால் முதலில் அடிபடுவது சாக்கே. 15 சதவீத வலுவுள்ள அந்த அரிசி மதுவுக்கு 2023 முதல் ஆயிரம் லிட்டருக்கு 1,00,000 யென்தான் வரி. ஒரு மி.லி. ஆல்கஹாலுக்கு 0.67 யென், அதாவது டின் ஹைபாலைவிடவும் குறைவு. கிராமப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் சிறு வடிப்பகங்களை ஒரே வீச்சில் அழிக்க யாரும் விரும்பமாட்டார்கள். மலிவு டின்களை வாங்குபவர்களில் குறைந்த வருமானக்காரர்கள் அதிகம், சுமை அவர்கள்மீது விழும் என்பதும் மெய். முதல் வாதத்துக்கு என் பதில், சிறு உற்பத்தியாளருக்கு உற்பத்தி அளவைப் பொறுத்துச் சலுகை தரலாம் என்பது. அதற்காக ஒரு பெருநிறுவனத்தின் 9 சதவீத டின்னுக்கும் சலுகை தர வேண்டியதில்லை. இரண்டாவது வாதம் கடினமானது. வரி ஏற்றம் ஏழையின் பையைக் கடிக்கும். ஆனால் மலிவான வலுமதுவின் கேட்டைச் சுமப்பதும் அதே வீடுதான். 9 சதவீத டின்னுக்கு வரியைக் கூட்டும்போதே 3 சதவீத டின்னுக்குக் குறைத்தால், குடிப்பவருக்கு மலிவான ஒரு மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இன்றைய சட்டம் அந்த மாற்றையே விலையுயர்த்தி வைத்திருக்கிறது.

எண்களில் சொன்னால், வோட்காவுக்கு உள்ளதுபோல் ஒரு மி.லி. ஆல்கஹாலுக்கு 2 யென் என்று டின் பானங்களுக்கும் நேர்கோட்டு வரி விதித்தால், 350 மி.லி. கொண்ட 5 சதவீத டின் அக்டோபரில் வரவிருக்கும் அதே 35 யென்னையே கட்டும். 3 சதவீத டின் 21 யென் கட்டும். 9 சதவீத டின் 63 யென் கட்டும். இதற்குப் புதிய அளவுகோல் எதுவும் தேவையில்லை. ஆல்கஹாலின் சதவீதம் ஒவ்வொரு டின்னின்மீதும் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது.